கைப்பிடிக் கம்பெனியின் மந்தி

ஒரகடத்துக்கும் பிள்ளைப்பாக்கத்துக்கும் நடுவே கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் கைப்பிடிக் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். அங்கே எண்ணூறு பேர் வேலை செய்கிறார்கள். பெர்மனென்ட் ஆனவர்கள் நாற்பத்திரண்டு பேர். மற்றவர்கள் டிரெய்னி, அப்ரென்டிஸ், கான்ட்ராக்ட் என்று வெவ்வேறு பெயரில் அதே வேலையைச் செய்பவர்கள். பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து வந்த நம்பிராஜன் நாலு வருஷமாகப் பேக்கிங்கில் கான்ட்ராக்ட். பென்னலூரில் ஒரே அறையில் ஏழு பேரோடு குடியிருந்தான்.

அவனுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வேண்டும். எல்லாருக்கும்தான் வேண்டும்; ஆனால் அவனுக்கு அவசரம். லைன் மூன்றில் கைப்பிடிக்குள் ஸ்பிரிங் மாட்டுகிற தங்கமாரியும் அவனும் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேசி வைத்திருந்தார்கள். அவள் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. அவள் அப்பா பையனுக்குக் கண் தெரியுமா, காது கேட்குமா என்றுகூட விசாரிக்கவில்லை. "பெர்மனென்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் கம்பெனிக்குள் குரங்கு வந்தது. சாலையை அகலப்படுத்த ஏரிக்கரைப் புளியமரங்களை வெட்டியபோது அதில் குடியிருந்த நாட்டுக் குரங்குகள் நாலு நாள் யோசித்துவிட்டுக் கேன்டீனுக்கு இடம் மாறின. வாழைப்பழம் போயிற்று, வடை போயிற்று, ஒருநாள் ஆடிட்டருடைய மூக்குக்கண்ணாடி போயிற்று. கண்ணாடி போன அன்றுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது. எச்.ஆர். மேனேஜர் புருஷோத்தமன் தலைமையில் குரங்கு ஒழிப்புக் குழு அமைத்தார்கள். ஒழிப்பு என்றால் சட்டச் சிக்கல் வரும் என்று லீகல் பிரிவு சொன்னதால் அது குரங்கு உறவு மேலாண்மைக் குழு ஆனது.

குழு முதலில் ஒரு பிளாஸ்டிக் புலி வாங்கி வைத்தது. குரங்குகள் அதன் முதுகில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டன. அடுத்து, கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள மந்தியைக் கண்டால் நாட்டுக் குரங்கு ஓடிவிடும், ஒரு மந்தியைக் கட்டிப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். மந்தியைப் பிடித்து வைத்தால் வன உயிரினச் சட்டத்தில் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று லீகல் பிரிவு மறுபடி சொன்னது. யார் போவது என்று குழு ஒரு மணி நேரம் விவாதித்தது. ஆள் அமையாததால் யோசனை கைவிடப்பட்டது.

ஒரு மதியம் தங்கமாரியின் சாப்பாட்டு டப்பாவை ஒரு கடுவன் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. நம்பிராஜன் ஒன்றும் யோசிக்கவில்லை. அவன் ஊரில் சாம்பல் மந்திகள் அடிவாரம் வரை இறங்கி வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் அதன் குரலைப் பழகிய தொண்டை அவனுடையது. கையைக் குவித்து அடிவயிற்றிலிருந்து "ஊப்... ஊப்... கர்ர்ஹக்!" என்று கொடுத்தான். டப்பா கீழே விழுந்தது. அறுபது குரங்கும் சுவர் தாண்டி மறைந்தன. தங்கமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எய்யா, அப்படியே மந்தி மாதிரில்லா இருக்கு! இன்னொருக்கா கத்துங்க பாப்போம்" என்றாள்.

அவள் கேட்டாள் என்று இன்னொரு தடவை கத்தினான். அந்த இரண்டாவது சத்தத்தைத்தான் புருஷோத்தமன் கேட்டார்.

"மிஸ்டர் நம்பிராஜன், நீங்க பண்ணது வெறும் சத்தம் இல்ல. அது ஒரு திறமை. திறமையை நாங்க வீணாக்க மாட்டோம். வீணாக்காம இருக்கறதுக்குன்னே ஒரு பாலிசி வெச்சிருக்கோம்" என்றார் அவர். மந்தி வேஷம் போட்டுக் குரங்கு விரட்டுகிற வேலைக்கு மாறினால் ஆறு மாதத்தில் பெர்மனென்ட். நம்பிராஜன் அங்கேயே கையெழுத்துப் போட்டான். முகத்தில் கரி பூசுவதற்குச் சம்மதம் என்று தனியாக ஒரு படிவம் இருந்தது. கம்பெனியில் நிறப் பாகுபாடு கிடையாது என்பதால் அதை மூன்று பிரதிகளில் வாங்கிக்கொண்டார்கள்.

மந்திக்கு ஒரு கையேடு வேண்டும் அல்லவா? கையேடு இல்லாத வேலையை ஆடிட்டில் காட்ட முடியாது. சென்னையிலிருந்து சிவசங்கர் என்ற ஆலோசகர் வந்து 'சாம்பல் மந்தியின் இயற்கை வரலாறு: செயல்முறைக் கையேடு' என்று அறுபத்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். அவர் மந்தியை நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் ஒருதலைப்பட்சம் வந்துவிடும் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். ஆனாலும் மனிதர் நன்றாகத்தான் எழுதியிருந்தார். முகமும் கையும் காலும் கறுப்பு, உடம்பு சாம்பல், உடம்பைவிட வால் நீளம். முக்கிய உணவு இலை. அதைச் செரிக்க வயிற்றில் பல அறைகள். கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய ஆண். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருப்பார்கள். ஆண்கள் வளர்ந்ததும் கூட்டத்தைவிட்டுத் துரத்தப்பட்டு, தங்களைப் போன்ற வாலிபர்களோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றுவார்கள். கடைசிப் பத்தியை நம்பிராஜன் இரண்டு தடவை படித்தான். பென்னலூர் அறைக்குள் யாரோ எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது அவனுக்கு.

கையேட்டில் உள்ளதெல்லாம் விதி. உடம்பைவிட வால் நீளம் என்றிருந்ததால் குவாலிட்டி பிரிவு அவனைப் படுக்கவைத்து அளந்து, நூற்று எண்பது சென்டிமீட்டருக்கு வால் தைக்கச் சொன்னது. அஞ்சு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். வாலில் பார்கோடு ஒட்டினார்கள். ஓடுகிற மெஷினில் சிக்கினால் என்ன ஆவது என்று சேஃப்டி பிரிவு கேட்டதால் மெஷின்கள் ஓடுகிற ஷாப்புக்குள் போகும்போது வாலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வால் பெர்மிட்டில் கையெழுத்து வாங்கிப் போக வேண்டும் என்று ஏற்பாடானது. கையெழுத்துப் போடுகிறவர் லீவு போட்ட அன்றைக்கு நம்பிராஜன் ஒன்றரை மணி நேரம் ஷாப் வாசலில் வாலோடு நின்றான். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்காததுபோல் போனவர்கள்தான் அவனை அதிகம் வெட்கப்படவைத்தார்கள்.

பிறகு சாப்பாடு. மந்தி வேஷத்தில் இருக்கும்போது சாம்பார் சாதம் சாப்பிட்டால் அது கையேட்டிலிருந்து விலகல். கேன்டீனில் அவனுக்கென்று ஒரு தட்டில் அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் வைத்தார்கள். நம்பிராஜனுக்கு இருந்ததோ ஒரே அறை உள்ள வயிறு. நாலாம் நாள் அது தாங்கவில்லை. மருத்துவ அறையில் கொடுத்த சீட்டில் 'உபகரணக் கோளாறு' என்று எழுதியிருந்தது.

அவனுக்கு ரகசியமாகத் தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்தவர் கன்னியப்பன். பிள்ளைப்பாக்கத்துக்காரர், ஹவுஸ்கீப்பிங்கில் துடைப்பம் பிடிக்கிறவர். நம்பிராஜன் மந்தி வேஷத்தில் ஏறி உட்காருகிற வாட்டர் டேங்க் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவருடைய நிலம். அதைப் பற்றி அவர் அழுததில்லை.

"துண்ணுபா, எவனும் பாக்கல. இன்னா பொயப்பு இது! ஆர்டர் எப்பத் தராங்களாம்?"

"இன்னும் அஞ்சு மாசம்ணே."

"அஞ்சு மாசம் தழை துன்னா நெசமாவே வாலு மொளைச்சிடும்பா" என்றார். நம்பிராஜன் சிரித்தான். கறுப்பு முகத்தில் சிரிப்பு எப்படித் தெரிந்ததோ, கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். மந்தி வேலை பலித்துவிட்டது. இரண்டே வாரத்தில் நாட்டுக் குரங்குகள் கம்பெனியைக் கைகழுவிவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டன. நம்பிராஜனுக்குப் பெருமையாக இருந்தது. ஒரே ஒரு மாதம் இருந்தது.

மாத ரிவியூவில் புருஷோத்தமன் திரையைக் காட்டினார். "குரங்கு வருகை பூஜ்யம். ரொம்ப சந்தோஷம். ஆனா குரங்கே வரலன்னா நீங்க யாரை விரட்டுறீங்க? உங்க பங்களிப்பு என்ன? வராத குரங்கை விரட்டுனதுக்கு நான் எப்படி மார்க் போடுறது? இப்படியே போனா ஆர்டர் விஷயம் கஷ்டம்தான்."

நம்பிராஜன் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க, வழி இருக்கு. கையேடு, பக்கம் முப்பத்தொண்ணு. மந்தி உயரமான இடத்துல உக்காந்து காவல் காக்கும். ஆபத்தைப் பார்த்தா குரல் கொடுக்கும். நீங்க உக்கார்றீங்க, ஆனா குரல் கொடுக்கறதே இல்லையே?"

"ஆபத்துன்னா புலி, சிறுத்தை சார். இங்க எங்க இருக்கு?"

"ஆபத்துன்னா என்னன்னு நம்ம கம்பெனி அகராதியிலயே இருக்கு." அவர் இன்னொரு கோப்பைத் திறந்து வாசித்தார். "ஆபத்து: உற்பத்தி நேர இழப்பு."

டேங்க் மேலிருந்து பார்த்தால் கேன்டீன் கொல்லை தெரியும், தண்ணீர்க் குழாய் தெரியும், கழிப்பறைக்குப் போகிற நடை முழுக்கத் தெரியும். கழிப்பறைக்குப் போக லைனுக்கு ஒரு டோக்கன். டோக்கன் வாங்கியவர் நாலு நிமிடத்தில் திரும்ப வேண்டும். ஐந்தாவது நிமிடம் பிறந்தால் அது ஆபத்து. ஆபத்தைக் கண்டால் மந்தி குரல் கொடுக்க வேண்டும். எத்தனை குரல் என்று எழுதி வைக்க வேண்டும். அதுதான் இனிமேல் பங்களிப்பு.

முடியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, பேருக்கு இரண்டு, அப்படிக் கத்திவிட்டு ஒப்பேற்றலாம் என்று நினைத்தான். முதல் நாள் பெயின்ட் ஷாப் பையன்கள் இருவர் பீடி பற்றவைத்தபோது ஒரு தடவை கத்தினான். அவர்கள் மேலே பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்கள். மறுநாள் அந்த இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. அதற்குப் பிறகு யாரும் கையாட்டவில்லை.

இரண்டு என்பது ஆறாகி, ஆறு பதினொன்றானது. குறைந்தால் புருஷோத்தமன், "ஏன் டல்லா இருக்கீங்க, உடம்புக்கு முடியலையா?" என்று அன்பாக விசாரிப்பார். அன்பாக விசாரித்த மறுநாள் பதினான்கு தடவை கத்துவான். கீழே ஆட்கள் ஓடினார்கள். டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்கள், செருப்பை மாட்டாமல் ஓடினார்கள். அவனோடு அறையில் இருந்த ஏழு பேரும் அவன் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். ஒருநாள் அவன் பாய் மட்டும் வராந்தாவில் விரித்திருந்தது.

கன்னியப்பன் தயிர்சாதம் கொண்டுவருவதையும் நிறுத்தவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்காமலும் விடவில்லை.

"ஏம்பா, உங்க ஊர் காட்ல இந்த மந்தி கத்துமே, அது யாருக்குக் கத்துது?"

"புள்ளிமானுக்குண்ணே. ரெண்டும் ஒண்ணாத்தான் திரியும். மேல இருந்து இது இலைய ஒடிச்சுப் போடும், மான் திங்கும். புலி வந்தா இது கத்தும், மான் ஓடிப் பொழைச்சிக்கிடும்."

"ஆங். அங்க புலி வர்த மானுக்குச் சொல்து. இங்க மான் எங்க கீதுன்னு புலிக்குச் சொல்றியே நைனா."

நம்பிராஜன் கையிலெடுத்த சோற்றை அப்படியே திருப்பி வைத்தான். மலையில் பார்த்த மந்தி எதுவும் இப்படிச் செய்ததில்லை என்று அவனுக்குத் தெரியும். கையேடு எழுதியவருக்குத் தெரியாது, புருஷோத்தமனுக்குத் தெரியாது; தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தெரிந்துதான் கத்தினான். அன்று அவனுக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது. மூஞ்சியிலிருந்து கரியைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான்.

தங்கமாரி சண்டை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "ஆர்டர் வரட்டும், எல்லாஞ் சரியாயிரும்" என்று அவன் சொன்னால், "சரி" என்பாள். லைன் மூன்றின் ஆள் யாராவது நடையில் தெரிந்தால் நாலு நிமிடத்தை அவன் ஐந்தாக்கிப் பார்த்தான், ஆறாக்கிப் பார்த்தான். ஒருநாள் புருஷோத்தமனே டேங்குக்குக் கீழே வந்து கையில் கடிகாரத்தோடு நின்றார். ஏழாவது நிமிடத்தில் அவள் நடையில் பாதி தூரம் வந்துகொண்டிருந்தாள். அவன் கத்தினான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். அதற்குப் பிறகு லைன் மூன்று டோக்கனை அவள் வாங்கியதே இல்லை.

மூன்று வாரம் கழித்து அவள் வேலைக்கு வரவில்லை. கன்னியப்பன்தான் சேதி கொண்டுவந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். இ.எஸ்.ஐ.ல சேத்துகீறாங்க. காலைல வந்தா சாய்ந்தரம் வரிக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்லயாம். குடிச்சா போவணுமில்ல? அடக்கி வெக்காதமான்னு டாக்டரு திட்னாராம். அது இன்னா சொல்ச்சு தெரியுமா? 'மேல மந்தி இருக்கு சார்'னு சொல்ச்சாம். ஜுரத்துல உளர்துன்னு அவரு இன்னொரு ஊசி போட்டாராம்."

சொல்லிவிட்டு அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம்பிராஜன் டேங்கிலிருந்து இறங்கி, வாலைச் சுருட்டிக்கொண்டு, பெர்மிட் வாங்காமல் நேராக எச்.ஆர். அறைக்குப் போனான். அவன் அங்கே செய்த ஒரே துணிச்சல் அதுதான்.

"சார், பொம்பளப் பிள்ளைகளுக்கு மட்டுமாவது இந்த நாலு நிமிசத்த விட்ருங்க சார்."

புருஷோத்தமன் அவனை உட்காரச் சொன்னார். வால் இருந்ததால் அவன் விளிம்பில் உட்கார்ந்தான்.

"நானும் மனுஷன்தான் நம்பிராஜன். ஆனா பெண்களுக்கு மட்டும் சலுகை குடுத்தா அது பாகுபாடு. நம்ம கம்பெனி போன வருஷம்தான் சமத்துவத்துக்கு அவார்டு வாங்கியிருக்கு. ஆணுக்கும் நாலு நிமிஷம், பெண்ணுக்கும் நாலு நிமிஷம். இதைவிட நியாயம் எங்க கிடைக்கும்?" மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். "உங்க ஆர்டர். டைப் ஆயிடுச்சு. வன உயிரின வாரத்துல நம்ம விழா. ஹெட் ஆபீஸ்லேர்ந்து சீஃப் வர்றார், அவர் கையால வாங்கிக்கோங்க. இன்னும் ஆறே நாள்."

உறையில் அவன் பெயர் இருந்தது. நம்பிராஜன் எழுந்தான், வாலை எடுத்துக்கொண்டான், மறுபடி டேங்கில் ஏறினான். கல்யாணம் ஆகிவிட்டால் அவளை வேலைக்கே அனுப்ப வேண்டாம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொன்னான். எட்டாவது படியில் அது பொய் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் மேலே ஏறினான்.

விழா அன்று பந்தல், மேடை, மாலை எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. லைனை நிறுத்தி எண்ணூறு பேரையும் உட்காரவைத்திருந்தார்கள். சீஃப் வெள்ளைக்காரர், மொழிபெயர்க்க ஒரு பெண் பக்கத்தில் நின்றாள். தங்கமாரி அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தாள். நாலாம் வரிசையில், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாள். மேடையில் வாலோடு நின்ற நம்பிராஜன் அவளைப் பார்த்தான்.

புருஷோத்தமன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம கம்பெனியில யாரும் யாரையும் மிரட்டுறது கிடையாது. அதுக்குன்னு தனியா ஒருத்தரை முறைப்படி நியமிச்சிருக்கோம். மற்ற கம்பெனிங்க கேமரா வைக்கிறாங்க. கேமராவுக்குக் கரண்ட் வேணும். நம்ம மந்திக்குக் கீரை போதும். இது பசுமைத் தொழில்நுட்பம். பெண் தொழிலாளர்கள் இங்க எவ்வளவு நிம்மதியா இருக்காங்கன்னா, பாத்ரூம் போகணும்ங்கற எண்ணமே அறுபது சதவீதம் குறைஞ்சிருக்கு. தண்ணீர் சேமிப்பிலயும் நாமதான் முதல் இடம். குடிக்கிறதுலயும் சேமிக்கிறோம்."

கைதட்டல் எழுந்தது. மொழிபெயர்த்ததைக் கேட்டு சீஃப் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார். பிறகு அவர் எதையோ ஆவலாகக் கேட்டார்.

"அந்தக் குரலை ஒரு தடவை கேட்க ஆசைப்படுறாராம்" என்றாள் மொழிபெயர்ப்புப் பெண்.

புருஷோத்தமன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நம்பிராஜனைப் பார்த்து, ஆகட்டும் என்பதுபோல் கண் காட்டினார். நம்பிராஜன் நாலாம் வரிசையைப் பார்த்தான். இது விழாதானே, லைன் ஓடவில்லையே, இன்றைக்குக் கத்தினால் யாருக்கு என்ன என்று நினைத்தான். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் பழையபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்றுகூட நினைத்தான். கையைக் குவித்து மைக்கில் கொடுத்தான்.

"ஊப்... ஊப்... கர்ர்ஹக்!"

எண்ணூறு பேரும் எழுந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. லைன் ஒன்று, லைன் இரண்டு, பேக்கிங், பெயின்ட் ஷாப் எல்லாம் ஷாப் வாசலைப் பார்த்து ஓடின. தங்கமாரி எழுந்து ஓடினாள், தடுக்கி முழங்காலில் விழுந்தாள், எழுந்து திரும்பிப் பார்க்காமல் மறுபடி ஓடினாள். ஒரு நிமிடத்தில் பந்தல் காலி.

சீஃப் எழுந்து நின்று கைதட்டினார். கண்ணில் நீர் கோத்திருந்தது அவருக்கு. முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை என்றார். உறையை வாங்கி நம்பிராஜன் கையில் வைத்து, கையைக் குலுக்கினார். கரி அவர் கையில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க ஒருவர் ஓடினார்.

நம்பிராஜன் உறையோடு மேடையிலிருந்து இறங்கி ஷாப்புக்குள் போனான். அன்று வால் பெர்மிட் கேட்க வாசலில் யாரும் இல்லை. உள்ளே கன்வேயர் நின்றிருந்தது, விளக்குகூடப் போடவில்லை. நின்றுபோன கன்வேயருக்கு முன்னால் எல்லாரும் அவரவர் இடத்தில் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். தங்கமாரி ஸ்பிரிங் பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கால் பக்கம் சுடிதாரில் ரத்தம் கசிந்திருந்தது.

அவன் உறையை நீட்ட நினைத்தான். நீட்ட முடியவில்லை. வெட்கத்தில் அவனுக்குக் காது அடைத்தது.

"தங்கமாரி, நான் சும்மாதான் கத்துனேன். லைன் ஓடல பாரு. விழாவுக்குக் கத்துனது. நீ போ, பாத்ரூமுக்குப் போணும்னா போய்ட்டு வா. தண்ணி குடி."

அவள் நிமிரவில்லை. பெட்டியிலிருந்து கையை எடுத்து முந்தானை போல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எத்தன நிமிசம் சார்?" என்று கேட்டாள்.